கதவைத் தட்டியவர்கள்: கோவை நகரின் சுகாதார வேலையும் நம் பெண்களும்



மலர்க் குழுவில் இருந்து செயலாளர் போன் பண்ணி, "அக்கா, எல்லாரும் சேமிப்பு, கடன், தொழில்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நீங்க கொசுப்புழு ஒழிப்பு வேலைக்குப் போனதைப் பத்தி எழுதுங்க"ன்னு சொன்னாங்க. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. தொட்டியில டார்ச் அடிச்சுப் பாத்ததை எழுதறதுக்கு என்ன இருக்குன்னு நினைச்சேன். பேனாவை எடுத்து உட்கார்ந்த பிறகுதான், இந்த வேலை நம்மோடு தொடங்கியதில்லை என்று புரிந்தது. நமக்கு முன்னால் நூறு நூற்றைம்பது வருடமாக யார் யாரோ இந்த ஊரில் கதவைத் தட்டியிருக்கிறார்கள். சில பேருக்குக் கதவு திறந்தது, சில பேருக்குத் திறக்கவில்லை. என் அமுச்சி சொன்னது, வேலைக்காலத்தில் ஓய்வுபெற்ற ஒரு சுகாதார ஆய்வாளர் ஐயா சொல்லிக் கொடுத்தது, நூலகத்தில் உட்கார்ந்து படித்தது எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

நகராட்சி வந்த காலம்

கோயம்புத்தூர் 1866-ல் நகராட்சி ஆனது. முதல் தலைவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். ஸ்டேன்ஸ் பள்ளிக்கூடம் நம்ம எல்லாருக்கும் தெரியும், அவர்தான். 1888-ல் முதல் நூற்பாலை வந்தது. ஸ்பின்னிங் மில் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அது. மில் வந்ததும் சுற்றுப்பட்டு ஊர்களில் இருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு வீட்டில் நாலு குடும்பம், ஒரு கிணற்றில் நாற்பது குடும்பம் என்று ஊர் நெருக்கிக்கொண்டே போனது. சாக்கடைக்கு வழியில்லை. குடிதண்ணீர் கிணற்றிலும் குளத்திலும்தான்.

அப்படிப்பட்ட ஊரில் வாந்திபேதி வந்தால் என்ன ஆகும்? காலையில் வயிறு போக ஆரம்பித்தவர் சாயங்காலம் இருக்க மாட்டார். அந்தக் காலத்துச் 'சானிட்டரி இன்ஸ்பெக்டர்' வேலையே இதைச் சுற்றித்தான். கிணற்றில் மருந்து போடுவது, சந்தையில் அழுகின பண்டத்தைக் கொட்டுவது, கறிக்கடை, சத்திரம், ஓட்டல் பார்ப்பது, தெருக் கூட்டுகிறவர்கள் வந்தார்களா என்று காலை ஐந்தரைக்கே வருகை எடுப்பது. பிறப்பு இறப்புப் பதிவும் அவர் கையில்தான். சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899-லேயே சட்டம் வந்துவிட்டது. இன்றைக்கு நாம் பேரப்பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க மாநகராட்சி சுகாதாரப் பிரிவுக்குப் போகிறோமே, ஏன் அங்கே போகிறோம் என்று யோசித்திருக்கிறீர்களா? எந்தத் தெருவில் இந்த வாரம் எத்தனை சாவு என்று தெரிந்தால்தான் எங்கே நோய் வந்திருக்கிறது என்று தெரியும். அதற்காகத்தான் அந்த ரிஜிஸ்டர் சுகாதார ஆய்வாளர் மேசைக்கு வந்தது.

எலி விழுந்த வீடு

1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. துறைமுகத்தில் தொடங்கி ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டே ஊர் ஊராகப் போனது. 1898-ல் பெங்களூர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் கோவை. ஒரு தடவை வந்துவிட்டுப் போகவில்லை. அடங்குவதும் திரும்ப வருவதுமாகப் பல வருடம் இந்த ஊரை ஆட்டி வைத்தது.

பிளேக் எலியிடம் இருந்து தெள்ளுப்பூச்சி மூலம் மனுசனுக்கு வருகிற நோய். இதை 1898-ல் கராச்சியில் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டுபிடித்தார். எலி செத்ததும் அதன் உடம்பில் இருந்த தெள்ளு வேறு உடம்பு தேடும். பக்கத்தில் படுத்திருப்பது நாமதான். நம் ஊரில் பஞ்சு மூட்டையும் தானிய மூட்டையும் அடுக்கிய குடோன் அதிகம். எலிக்கும் தெள்ளுக்கும் அதைவிட நல்ல இடம் வேண்டுமா?

என் அமுச்சிக்கு அப்போது ஏழெட்டு வயசு. அவங்க சொல்வாங்க: "எலி விழுந்துருச்சுன்னா ஊட்டக் காலி பண்ணீரோணும் கண்ணு. பண்ட பாத்திரத்த எடுத்துட்டுக் காட்டுல போயி ஓலைக் குடிசை போட்டுக் கெடந்தோம். ராத்திரி நரி கத்தும். எங்கப்பன் மட்டும் பகல்ல ஊட்டுக்கு வந்து வாசல்ல நின்னு பாத்துட்டுப் போவாரு, உள்ள நொழையறதில்ல."

படிக்காத சனம்தான். ஆனால் எலி செத்தால் வீட்டை விடணும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதிகாரிகள் சொன்னதும் அதேதான். பிறகு ஏன் சண்டை வந்தது? அமுச்சியின் அடுத்த பேச்சில் அதற்குப் பதில் இருக்கிறது. "பக்கத்தூட்டு அக்காளுக்கு அக்குள்ல கட்டி வந்துருச்சு. ஒருத்தருக்கும் சொல்லுல. சொன்னா ஆளு வந்து தூக்கிட்டுப் போயிருவாங்க, திரும்பி வர மாட்டாங்கன்னு பயம். உள்ரூம்புல படுக்க வெச்சு, கேட்டவீகளுக்கெல்லாம் காச்சல்னு சொன்னாங்க. அந்தக்கா போச்சு. அப்பறம் அவ புருசனும் போயிட்டாரு."

உள்ளறையில் ஒளித்து வைத்த அந்த அக்காவை எனக்கு மறக்க முடியவில்லை. இந்தக் கட்டுரையே அவங்களைப் பற்றியதுதான் என்றும் சொல்லலாம்.

அந்தக் காலத்தில் சென்னை மாகாணத்தில் 'பிளேக் பாஸ்போர்ட்' என்று ஒன்று இருந்தது. நோய் உள்ள ஊரில் இருந்து ரயிலில் வந்து இறங்கினால் ஒரு சீட்டு கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டு பத்து நாள் தினமும் அதிகாரி முன் போய் நிற்க வேண்டும். கொரோனா சமயத்தில் வெளியூரில் இருந்து வந்தவர்கள் வீட்டில் ஸ்டிக்கர் ஒட்டினார்களே, அதற்கு இது கொள்ளுத் தாத்தா.

நம் ஊரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் உண்டு, ஒன்றுக்கு மேலேயே உண்டு. நோயின் பெயரையே அம்மனுக்கு வைத்துக் கும்பிட்டார்கள். 2021-ல் இருகூர் பக்கம் காமாட்சிபுரி ஆதீனத்தில் கொரோனா தேவி சிலை வைத்ததைச் சிலர் கேலி பேசினார்கள். எனக்குக் கேலியாகத் தெரியவில்லை. பயந்தவர்கள் எங்கே போவார்கள்? தைரியம் கொடுக்கிற இடத்துக்குத்தான் போவார்கள். சுகாதார வேலை செய்கிறவர்கள் அந்த இடத்தைப் பிடிக்காமல் போனதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

பிளேக்கால் ஒரு நல்லதும் நடந்தது. நெருக்கமான பழைய ஊரை விட்டு வெளியே அகலமான தெருக்களோடு புது நகரம் போட்டார்கள். ஆர்.எஸ்.புரம் அப்படி வந்ததுதான். நகராட்சித் தலைவராக இருந்த இரத்தினசபாபதி முதலியார் பெயர்தான் அதற்கு. சிறுவாணித் தண்ணீரை இந்த ஊருக்குக் கொண்டுவரப் பாடுபட்டவரும் அவரே.

புனேயில் நடந்த இரண்டு காரியம்

பிளேக் நம் ஊருக்கு வருமுன் புனேயில் நடந்ததை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1897-ல் அங்கே பிளேக் வேலைக்குப் பொறுப்பாக வந்தவர் ராண்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி. வீடு வீடாகச் சோதனை போட ராணுவச் சிப்பாய்களை இறக்கினார். பூசை அறை, சமையலறை என்று பார்க்காமல் நுழைந்தார்கள். பெண்களை வெளியே நிறுத்திச் சோதித்தார்கள். சனங்கள் கொதித்தார்கள். அந்த ஜூன் மாதம் சபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். சட்டம் கையில் இருந்தது, மருந்தும் இருந்தது. ஆனால் சிப்பாய் வருகிறான் என்றதும் நோயாளியைப் பின்கட்டில் ஒளித்துவிட்டார்கள். நோய் குறையுமா?

அதே வருடம், அதே புனே. சாவித்திரிபாய் புலே அம்மையாரை, பெண்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியவர் என்று நமக்குத் தெரியும். அவரும் வளர்ப்பு மகன் டாக்டர் யஷ்வந்தும் பிளேக் நோயாளிகளுக்கு ஊருக்கு வெளியே சிகிச்சை இடம் நடத்தினார்கள். தொடப் பயந்த நோயாளிகளை அந்த அம்மா தானே தூக்கிக்கொண்டு வந்தார். அதிலேயே நோய் தொற்றி 1897 மார்ச் 10-ம் தேதி இறந்து போனார்.

இரண்டு பேரும் செய்ய நினைத்தது ஒரே காரியம்தான். நோயாளியை வீட்டில் இருந்து வெளியே கொண்டு வந்து சிகிச்சை இடத்தில் சேர்க்கணும். ஒருத்தருக்குத் துப்பாக்கி தேவைப்பட்டது, அப்போதும் முடியவில்லை. இன்னொருத்தருக்குச் சனங்கள் பிள்ளையைக் கையில் கொடுத்தார்கள். குழுக் கூட்டங்களில் சாவித்திரிபாய் படத்துக்கு மாலை போடும்போது, அவர் சுகாதார வேலையில் உயிர் விட்டவர் என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

சட்டத்தில் நாம் எங்கே இருந்தோம்

அக்கால நகராட்சிச் சட்டங்களில் ஒரு விதி இருந்தது. ஆய்வாளர் சோதனைக்கு வரும்போது, வீட்டில் பெண்கள் இருக்கும் பகுதி என்றால், அவர்கள் மறைவான வேறு இடத்துக்குப் போக அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். மரியாதைக்காக எழுதிய விதிதான், தப்புச் சொல்லவில்லை. புனேயில் நடந்தது போல் நடக்காமல் இருக்க அது வேண்டியதாகவும் இருந்திருக்கும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டுத் தண்ணீர் எங்கே இருந்து வருகிறது, எந்தப் பானையில் எத்தனை நாளாகக் கிடக்கிறது, எந்தப் பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல், இதெல்லாம் யாருக்குத் தெரியும்? உள்ளே போன அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும். ஆய்வாளர் கேள்வி கேட்டது வாசலில் நின்ற ஆம்பளையிடம். அவருக்குத் தெரிந்தது அரையும் குறையும்.

1939-ல் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டு வந்தது. ராஜாஜி முதல்வர், டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதார அமைச்சர். இந்தியாவிலேயே இப்படி முழுமையான சட்டம் போட்டது நம் மாகாணம்தான் முதலில். குடிநீர், சாக்கடை, தொற்றுநோய் அறிவிப்பு, தாய் சேய் நலம், கொசு ஒழிப்பு, உணவு, திருவிழாக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அதில் தனித்தனி அத்தியாயம் இருக்கிறது. நகராட்சிகள் தங்கள் சொந்த வருமானத்தில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தார்கள். இன்றைக்கும் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள சட்டம் அது. கொசுப்புழு இருந்தால் நோட்டீஸ் கொடுப்பதும் அந்தச் சட்டத்தை வைத்துத்தான்.

அம்மை குத்துனவங்க

பெரியம்மையைப் பார்த்தவர்கள் நம் கூட்டமைப்பில் இனி ஓரிருவர்தான் இருப்பார்கள். அவிநாசி ரோட்டுத் தண்டுமாரியம்மன் கோயிலுக்கும் அம்மை நோய்க்கும் தொடர்பு சொல்வார்கள். திப்பு சுல்தானின் படைவீரர்களுக்கு அம்மை கண்டபோது அம்மன் காப்பாற்றினாள் என்பது ஐதீகம். வீட்டில் அம்மை போட்டால் வேப்பிலை கட்டி, தாளிப்பு வாசனை இல்லாமல், வெளியாள் வராமல் வைத்திருப்பார்கள். அது ஒரு வகையில் நல்ல தனிமைப்படுத்தலும் ஆனது. ஆனால் 'ஆத்தா வந்திருக்கா' என்று வெளியில் சொல்லாமல் இருப்பதும் நடந்தது.

அம்மை குத்துகிறவர் தெருவில் வந்தால் பிள்ளைகளைக் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்களாம். அமுச்சி கையில் வட்டமாக இரண்டு தழும்பு இருந்தது. அந்தக் காலத்தில் திருகு போல வட்டமாகச் சுழற்றும் கருவியால் குத்துவார்கள், வலி உயிர் போகும். பிறகு 1960களின் கடைசியில்தான் கவட்டை போல நுனி பிரிந்த சின்ன ஊசி வந்தது. தடுப்பு மருந்து சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தயாரானது. 1899-ல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு, மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கிங் என்பவரின் பெயரை வைத்தார்கள்.

கடைசிக் கட்டத்தில் அரசாங்கம் அணுகுமுறையை மாற்றியது. எல்லாரையும் துரத்தித் துரத்திக் குத்துவதை விட, அம்மை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த வீட்டைச் சுற்றி உள்ளவர்களுக்குக் குத்தினார்கள். சேதி சொன்னவருக்குப் பணம் கொடுத்தார்கள். 1975-ல் அந்தப் பரிசு ஆயிரம் ரூபாய் வரை போனது. மிரட்டிக் கேட்டபோது மறைத்த சேதி, இப்போது தானே வந்தது. இந்தியாவின் கடைசி நோயாளி 1975 மே மாதம் அஸ்ஸாமில். 1977-ல் இந்தியாவில் பெரியம்மை இல்லை என்று உலக சுகாதார அமைப்பின் குழு உறுதி செய்தது.

வாளி சுமந்தவர்கள்

சுகாதார வரலாறு என்றால் அதிகாரிகளையும் மருந்தையும் மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. எடுப்புக் கக்கூஸ் இருந்த காலம் நம்மில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வீட்டுக்குப் பின்னால் சந்து. அந்தச் சந்து வழியாக வந்து, தகரத்தால் வாரி, வாளியில் போட்டு, வண்டியில் கொட்டிக்கொண்டு போவார்கள். சாம்பல் கூடப் போடாத வீடுகள் உண்டு. அந்த வேலையைச் செய்தவர்கள் நம் ஊரில் பெரும்பாலும் அருந்ததியர் சமூகத்துச் சகோதரிகளும் சகோதரர்களும். அவர்கள் இல்லாமல் இந்த ஊர் ஒரு வாரம் தாங்கியிருக்காது. ஆனால் தண்ணீர் கேட்டால் கையில் ஊற்றினார்கள், டம்ளர் கொடுக்கவில்லை. சுகாதார ஆய்வாளர் முன்கதவைத் தட்டினார். இவர்களுக்குப் பின்சந்துதான். முன்கதவைத் தட்ட அனுமதியே கிடையாது.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் அதைவிடக் கடுமையான இன்னொரு சட்டம் வந்தது. சாக்கடைக் குழியில் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தர வேண்டும் என்று 2014-ல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023-ல் அதை முப்பது லட்சம் ஆக்கியது. தொகையை ஏற்ற வேண்டி வந்தது என்றாலே சாவு நிற்கவில்லை என்றுதான் அர்த்தம். நம் குழுக்களிலேயே தூய்மைப் பணிக்குப் போகிற உறுப்பினர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! அவர்கள் தெருவில் வரும்போது நாம் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம் என்பதை அவரவர் நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தண்ணி வந்தது, தொட்டியும் வந்தது

1920களின் கடைசியில் சிறுவாணித் தண்ணீர் ஊருக்கு வந்தது. ருசிக்குப் பேர் போன தண்ணீர். குழாய்த் தண்ணீர் வந்த பிறகு காலரா பயம் மெல்லக் குறைந்தது. ஆனால் ஊர் பெருத்தது. 1981-ல் மாநகராட்சி ஆனது. பில்லூரில் இருந்தும் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அப்படியும் தினமும் தண்ணீர் வராத வீதிகள் இருந்தன. தண்ணீர் தினம் வரவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? பிடித்து வைப்போம். சிமெண்ட் தொட்டி, சின்டெக்ஸ் டேங்க், டிரம், அண்டா, குடம். எல்லாமே நல்ல தண்ணீர்.

டெங்குக் கொசு என்கிற ஏடிஸ் சாக்கடையில் முட்டை இடுவதில்லை. அதற்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும். கடிப்பதும் பகலில். முட்டையைத் தண்ணீருக்கு மேல், தொட்டிச் சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால்தான் தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொல்கிறோம். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒரு தடவை வந்து பார்ப்பது அதற்காகத்தான், தொந்தரவு செய்ய இல்லை.

எங்கள் அம்மா காலத்தில் மலேரியாவுக்கு ஆட்கள் வருவார்கள். 1953-ல் தொடங்கிய திட்டம் அது. காக்கி உடுப்புப் போட்டவர்கள் வீட்டுச் சுவரில் டி.டி.டி. மருந்து அடித்துவிட்டுத் தேதியையும் சுவரிலேயே எழுதிவிட்டுப் போவார்கள். அம்மா மருந்து வாசனை பிடிக்காமல், அவர்கள் போனதும் சாணி கரைத்துச் சுவரை மெழுகிவிடுவார். மருந்து அத்தோடு போச்சு! தேதி மட்டும் சுவரில் பத்திரமாக இருக்கும்.

தமிழ்நாட்டில் 2012-லும் 2017-லும் டெங்கு கடுமையாக வந்தது. அப்போதுதான் வீட்டுக்குள் போய்த் தொட்டி பார்க்கப் பெண்களைப் பெரிய அளவில் எடுத்தார்கள். நம் மகளிர் திட்டக் குழுக்கள் 1989-ல் தர்மபுரியில் தொடங்கி அதற்குள் மாநிலம் முழுக்கப் பரவியிருந்தன. 'வார்டுல ஆள் வேணும்'னு கேட்டபோது குழுக்களில் இருந்துதான் நிறையப் பேர் போனோம். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் மருந்து டப்பா, தோளில் பை. ஒரு நாளைக்கு ஐம்பது வீடு.

சமையலறைக்குள் "வாங்கக்கா" என்று கூப்பிட்டார்கள். ப்ரிட்ஜுக்குப் பின்னால் தட்டு இருக்கிறது, அதில் தண்ணீர் தேங்கும் என்று காட்டினால் "அட, இது இத்தனை வருசமாத் தெரியாம போச்சே"ன்னு சிரிச்சாங்க. பாப்பாவுக்கு மூணு நாளாகக் காய்ச்சல் என்பதை வீட்டுக்காரரிடம் சொல்லாமல் எங்களிடம் சொன்ன தாய்மார் உண்டு. பழைய சட்டம் உள்ளறைக்கு அனுப்பி வைத்த பெண்ணும் நாமதான், இப்போது கதவைத் தட்டி உள்ளே போனதும் நாமதான்.

ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வாளர் ஐயாவுக்கு அரசுச் சம்பளம், ஓய்வூதியம். எங்களுக்குத் தினக்கூலி. எங்களை அனுப்பிய ஒப்பந்தக்காரர் ஒரு முறை மூன்று மாதச் சம்பளத்தைத் தள்ளித்தான் கொடுத்தார். பி.எஃப். பிடித்தோம் என்றார், சீட்டு காட்டவில்லை. வீட்டுக்குள் போக நம்மைப் போன்றவர்கள்தான் வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகும், அந்த வேலைக்கு நிரந்தரம் கிடையாது.

நான் செய்த தப்பு

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன். மலரில் நல்லதை மட்டும் எழுதினால் அது பாதி வரலாறுதான் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

என் ஏரியாவில் ஒரு வீடு. அந்த அக்கா நம்ம குழு ஆளு, ரொம்ப வருசப் பழக்கம். அங்கே போனால் காலைச் சுற்றில் எனக்கு டீ உண்டு. அன்றைக்கு நாற்பது வீடு முடித்து, முட்டி வலி. "மாடில ஒண்ணுமில்ல சாமி, நேத்துத்தான் கழுவுனேன். உக்காரு"ன்னாங்க. உட்கார்ந்தேன். டீயைக் குடித்துக்கொண்டே சுவரில் மாட்டியிருந்த அட்டையை எடுத்து, தேதி போட்டு, 'புழு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாடிப்படி ஏறவில்லை.

பதிமூன்றாம் நாள் அந்த வீட்டுப் பேத்தி, இரண்டாம் வகுப்புப் படிக்கிற குழந்தை, டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில். ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போனது. ஆய்வாளர் ஐயாவோடு அந்த வீட்டுக்குப் போனேன். மாடியில் கழுவின டேங்க் சுத்தமாகத்தான் இருந்தது. அந்தக்கா பொய் சொல்லவில்லை. டேங்குக்குப் பின்னால், யாரும் பயன்படுத்தாத பழைய ஆட்டுக்கல் கிடந்தது. குழியில் மழைத்தண்ணீர். டார்ச் அடித்தேன். புழு துள்ளிக்கொண்டு இருந்தது.

ஐயா ஒன்றும் பேசவில்லை. கீழே வந்து அட்டையைப் பார்த்தார். என் கையெழுத்தைப் பார்த்தார். திருப்பி மாட்டிவிட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

குழந்தை ஒன்பது நாளில் வீட்டுக்கு வந்துவிட்டது. கும்பிட்ட சாமியெல்லாம் காப்பாற்றியது. அந்த ஆட்டுக்கல்லில் பிறந்த கொசுதான் கடித்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் எனக்கு அந்த அட்டை போதும். நான் அந்தக்காவிடம் போய், "மாடி ஏறாமலே எழுதிட்டேங்கக்கா" என்று சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நான்தானே உக்காருன்னேன்" என்றார். இன்றைக்கும் போனால் டீ கொடுக்கிறார். ஆனால் முதலில் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்.

ராண்டுக்குச் சனங்கள் கதவைத் திறக்கவில்லை, அதனால் நோயைப் பார்க்க முடியவில்லை. எனக்குத் திறந்தார்கள், டீயும் கொடுத்தார்கள், நானாகவே பார்க்காமல் வந்தேன். நம்மை நம்பி வீட்டுக்குள் விடுவது நம் பெண்களின் பெரிய பலம் என்று இத்தனை பக்கம் எழுதிவிட்டேன். அந்த நம்பிக்கையை வைத்து நாம் மாடி ஏற வேண்டும். அதையே சாக்காக வைத்து உட்கார்ந்துவிடக் கூடாது. குழுக் கணக்குக்கும் இது பொருந்தும். தெரிந்தவர் என்று பாஸ்புக்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு மாட்டிய குழுக்கள் நமக்குத் தெரியும்தானே?

சகோதரிகளிடம் கேட்பது

கூட்டமைப்பின் முன் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிற அன்றைக்கே தொட்டிச் சுவரைத் தேய்ப்பது, ப்ரிட்ஜ் தட்டு, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், ஆட்டுக்கல், தேங்காய்த் தொட்டி பார்ப்பது என்று வைத்துக்கொள்வோம். குழுக் கூட்டத் தீர்மான நோட்டில் சேமிப்புக்குப் பக்கத்தில் இதையும் ஒரு வரி எழுதுவோம்.

இரண்டாவது, காய்ச்சலை மறைக்க வேண்டாம். காய்ச்சல் அவமானம் இல்லை. யார் வீட்டிலாவது மூன்று நாள் தாண்டினால் குழுத் தலைவிக்குச் சொல்லுங்கள், அவர் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லட்டும்.

மூன்றாவது, கொசுப்புழு வேலைக்கும் தூய்மைப் பணிக்கும் போகிற நம் உறுப்பினர்களுக்குச் சம்பளச் சீட்டு, பி.எஃப்., கையுறை, ஷூ கிடைக்கிறதா என்று கூட்டமைப்பு வருடம் ஒரு முறையாவது கேட்டு எழுத வேண்டும். சட்டத்தில் சுகாதாரத்துக்கு என்று 30 சதவீதம் எழுதியவர்கள், அந்த வேலையைச் செய்கிறவர் வயிற்றையும் நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள் என்று நம்புவோம்.

அமுச்சி 1990-ல் இறந்து போனார். கடைசிக் காலத்தில் கண் தெரியாது. வாசலில் யாராவது வந்தால், "ஆரு? உள்ள வா கண்ணு" என்பார். உள்ளறையில் படுக்க வைத்த அந்தப் பக்கத்து வீட்டு அக்காவின் பெயர் என்ன என்று நான் அவரிடம் கேட்டு வைத்திருக்கலாம். கேட்காமல் விட்டுவிட்டேன்.